ஓடைக்கரை ராட்சசி

நெதர் சாலோ, டெவன்
9 ஜூலை 1970

அன்புள்ள டாம்சின்,

மால்டா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி போஸியும் சுகம்தானே? இனி நான் எழுதப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்து, இந்த மாமன் தொடங்குகிறேன். எழுத்து கோழி கிளறியது போலிருந்தால் பொறுத்துக்கொள். வலக்கை ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டேன். இடக்கை இப்போதுதான் அரிச்சுவடி படிக்கிறது.

உன் தோட்டத்தில் நீ சொன்னபடியே எதையும் வெட்டவில்லை. பட்டாம்பூச்சிப் புழுக்களுக்காக நீ விட்டுவைத்த காஞ்சொறி, முள்ளெலிக்காகக் குவித்த சருகு, எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். அந்த முள்ளெலி பெருத்த பெருப்பில், அது எதிரே வந்தால் நான் தொப்பியைக் கழற்றி வழிவிட வேண்டியிருந்தது.

பக்கத்து வீட்டு ஹெஸ்டர் லவ்விபாண்டுக்குத்தான் ஆகவில்லை. வருகிற ஞாயிறு ஊரே தோட்டம் தோட்டமாகப் பார்க்க வருகிற நாள். "ஆம்ப்ரோஸ், உங்க மருமக தோட்டத்தப் பாத்தா வீட்ல எழவு விழுந்த மாதிரி இருக்கு" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னாள்.

அவளுடைய பெருமை என்ன தெரியுமா? ஏதோ அரண்மனைத் தோட்டத்திலிருந்து கைக்குட்டையில் முடிந்துவந்த விதை. ஓடைக்கரையில் போட்டாள். முளைத்தது செடி இல்லை, ராட்சசி எழுந்துவிட்டாள்! அவள் குடைப்பூ மறைத்ததில் கோயில் கடிகாரத்துக்கே மணி தெரியவில்லை. மழைக்கு அவள் இலையடியில் ஒதுங்கிய தபால்காரன், முழங்கால்வரை தாடியோடு வெளியே வந்தான். வெள்ளைப் பூவைப் பனி என்று நினைத்து பிஷப் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டார்.

விதை ஓடைத் தண்ணீரில் மிதந்து உன் கரைக்கும் வந்துவிட்டது. போஸியின் ஊஞ்சல்வரை அந்த ராட்சசிதான். அந்த இலைகளுக்கடியில் வெறும் மண், டாம்சின். காஞ்சொறி வெளுத்துச் சாய்ந்துவிட்டது. புழு இல்லை, அதனால் குருவியும் வருவதில்லை. மே மாதத்துக்குப் பிறகு முள்ளெலியைக் காணவில்லை. காலையில் அங்கே போய் நின்றால் என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்கிறது.

போன கோடையில் வேலியோரத்துக் காட்டுத்தண்டை வெட்டி, பட்டாணி ஊதும் துப்பாக்கி செய்யப் போஸிக்குக் கற்றுக்கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே வெள்ளைக் குடைப்பூ, அதே குழல் தண்டு, ஆனால் பத்து மடங்கு பருமன். குழந்தை இந்த மாதக் கடைசியில் வருகிறாளே, பீரங்கியே செய்துவிடலாம் என்று, நல்ல வெயிலில் சட்டைக்கையை மடித்துவிட்டு ஒன்றை வெட்டினேன். ஊதிப் பார்க்க உதட்டருகே கொண்டுபோன நேரம், ஹெஸ்டர் வேலியில் வந்து காஞ்சொறிக்காகத் திட்ட ஆரம்பித்தாள். அவளோடு மல்லுக்கு நிற்கத் தண்டைக் கீழே போட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக அவளுக்கு நன்றி சொல்கிறேன்.

மறுநாள் வலக்கை முழுக்கத் தீப்பட்டது போலக் கொப்புளம். கதையைக் கேட்டு டாக்டர் முதலில் சிரித்தார். கைக்கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தத் தண்டின் பால் பட்ட இடத்தில் வெயில் பட்டால் வெந்துவிடுமாம். புண் ஆறினாலும் அடுத்த கோடை வெயிலில் மறுபடி கிளம்பலாமாம். ஹெஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "உங்க கதைய யாரு நம்புவா, ஆம்ப்ரோஸ்? ஞாயித்துக்கெழம முடியட்டும்" என்றாள். என் ஒற்றைக் கையால் உன் கரையை வெட்டி முடிக்க முடியாது. அவள் கரையிலிருந்து விதை வந்துகொண்டேதான் இருக்கும்.

போஸி என்னைத் தேடிக்கொண்டு நேரே ஓடைக்குத்தான் ஓடுவாள். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கற்றுக்கொடுத்தவன் நான்.

இந்தக் கோடைக்கு அவளை அனுப்பாதே, அம்மா. மாமன் வழக்கம்போல அளக்கிறான் என்று மாப்பிள்ளை சிரிப்பார், சிரிக்கட்டும். போஸியின் பத்து விரல்களுக்கும் என் முத்தம்.

கடிகாரம், தாடி, பிஷப் எல்லாம் சுத்தப் புளுகு. கை மட்டும் நிஜம்.

என்றும் உன் மாமன்,
ஆம்ப்ரோஸ்