வீரபாண்டியன் மகன் பெத்தன் பேசுகிற படம்

அன்பு மகள் மஹாலட்சுமிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இன்று வரைக்கும் சுகமாக இருக்கிறோம், நீ அந்த நார்வே குளிரில் காதை மூடிக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று குன்றக்குடி முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, நீயும் உடனே என்னம்மா என்னம்மா என்று பதறுகிறாய், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகிறது. அதுவும் போக அப்பா பக்கத்தில் இருக்கும்போது இதைப் பேச முடியாது. அதனால் அங்கன்வாடியில் பிள்ளைகளைத் தூங்கப் போட்டுவிட்டு எழுதுகிறேன். நம் ஊர்த் தபால்பெட்டியில் போடப்போவதில்லை, உனக்குப் பத்தாம் வகுப்பு எடுத்த யூஜினியா டீச்சர் காரைக்குடியில் கொண்டுபோய்ப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன் தாயி. அடுத்த மாதம் அங்கே திரைப்பட விழாவில் பெரிய திரையில் போடப்போகிற நம் படத்தில் அப்பா பேசுகிற இடத்தை வெட்டி எடுத்துவிட முடியுமா? முழுசாக முடியாவிட்டால் முகத்தையாவது மறைத்துவிடு, பேரையாவது கேட்காமல் பண்ணிவிடு.

உனக்குக் கோபம் வரும். நீ பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. போன பங்குனியில் வந்து, அடுப்படியிலும் நாற்றங்காலிலும் கிடந்த எங்களைக் கூட்டிவைத்து, போனை ஆடாமல் பிடிக்கவும் மூச்சை அடக்கிக்கொண்டு எடுக்கவும் பழக்கினாய். நாங்களே எடுத்தோம், நாங்களே பேசினோம், எது இருக்க வேண்டும் எது வேண்டாம் என்று நாங்களே சண்டை போட்டுக்கொண்டோம். வெளியாள் ஒருத்தர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தால் நம் கோயில்காட்டுக்குள் செருப்போடு நுழைந்திருப்பார், நம் பெண்கள் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முள்ளில் நடந்து எடுத்தார்கள். காய்ந்த சுள்ளியைக்கூட நாம் ஒடிக்காத காட்டை வேரோடு பெயர்த்துப் போட்டுச் செம்மண் அள்ளுகிறார்களே, அந்தப் பள்ளத்தைச் சோணையம்மாள் எடுத்திருந்ததைப் பார்த்து தினமும் அதைத் தாண்டிப் போகிற நானே அழுதேன். விழாக்காரர்கள் நம்மைப் பூர்வகுடி என்று எழுதியிருப்பதாக நீ வாசித்துக் காட்டியபோது அப்பா சிரித்த சிரிப்பு உனக்கும் கேட்டிருக்கும். இங்கே ஆபீஸ் காகிதத்தில் நாம் ஆக்கிரமிப்பாளர், கடலைத் தாண்டினால் பூர்வகுடியா என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

தப்பு நம் பழக்கத்திலேயே இருந்திருக்கிறது. நம் ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவர், இன்னார் பிள்ளை இன்னார், வீடு இந்த இடம், வயல் இந்த இடம் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும், அதைச் சொல்லாத பேச்சு சபையில் ஏறாது என்பது உனக்குத் தெரியும். போன் எதிரே நின்றதும் எல்லாருக்கும் அது சபையாகவே தெரிந்துவிட்டது. இதுதானம்மா அழகு, இப்படி வேறு எங்கேயும் பார்க்க முடியாது என்று நீயும் சொன்னாய், எனக்கும் அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. அப்பா துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, "வீரபாண்டியன் மகன் பெத்தன், ஊருணிக்கு மேற்கே வேப்பமரத்து வீடு, கண்மாய் மடைக்குக் கீழ கடைசி வயல்" என்று ஆரம்பித்து, யார் சொல்லி யாருடைய லாரி வந்தது, யாருக்கு எங்கே பங்கு போனது என்று ஒன்று விடாமல் சொன்னார். கூட்டத்தில் சொன்னால் கேட்கிறவர்கள் எல்லாரும் நம் ஆட்கள். படம் அப்படி இல்லை என்பது அன்றைக்கு நமக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

நம் படத்திலிருந்து அப்பா பேசுகிறது வருகிற ஒரு சின்னத் துண்டை நீ நெட்டில் போட்டுக் கொஞ்ச நாளில் கீழச்சிவல்பட்டி ரோட்டில் இருக்கிற பாண்டிமுருகன் டீக்கடைக்கு வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள் வந்தார். நல்ல மரியாதையான ஆளாம். டீயை வாங்கிக்கொண்டு, வீரபாண்டியன் மகன் பெத்தன், ஊருணிக்கு மேற்கே வேப்பமரத்து வீடு, கண்மாய் மடைக்குக் கீழே கடைசி வயல், அவுக எப்ப வயலுக்குப் போவாக என்று கேட்டிருக்கிறார். அப்பாவைத் தேடி வருகிற எவரும் பெத்தண்ணன் இருக்காகளா என்று கேட்பார்களே தவிர, சபையில் சொல்கிற வரிசையில் ஒரு வெளியாள் சொல்லிப் பாண்டிமுருகன் கேட்டதே இல்லை. கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன் மதினி என்று என்னிடம் சொன்னான். வந்தவர் டீயைக் குடித்துவிட்டு வீட்டுப் பக்கம் வராமலே போய்விட்டார்.

அதற்கு அடுத்த வாரம் மண் அள்ளுவது நின்றது. படம் ஜெயித்துவிட்டது என்று ஊரே சொன்னது, அப்பா அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கி வந்தார். எனக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை. லாரிகள் போய்விட்டன, பொக்லைன் போகவில்லை. அதைக் காட்டிலிருந்து நகர்த்திக் கொண்டுவந்து நம் வயலுக்கு நேராக ரோட்டோரத்தில் நிறுத்திவிட்டார்கள், டிரைவர் இல்லை, கையைத் தூக்கியபடி நிற்கிறது. ஒரு நாள் காலையில் நம் வரப்பில் ஒரு புதுக் கோடித் துணி மடித்து வைத்திருந்தது, மேலே ஒரு ரோஜா மாலை. இழவு வீட்டுக்குத்தான் கோடியும் மாலையும் போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, நல்ல துணியாக இருக்கிறது என்று எடுத்துவந்து அலசிக் கொடியில் காயப்போட்டார். அது காற்றில் ஆடுகிறதைப் பார்த்துக்கொண்டு என்னால் ஒரு வாய் சோறு இறக்க முடியவில்லை. சோணையம்மாள் வந்து அழுதாள். அவள் மகன் மண் அள்ளுகிற காண்ட்ராக்டரிடம்தான் டிரைவராக இருக்கிறான். மகராசி, என்னைய அதுலருந்து எடுத்துரச் சொல்லு, ஒம் மகளுக்குப் புண்ணியமாப் போகும் என்றாள். இப்போது நம் வீட்டு வழியாக வராமல் சுற்றிப் போகிறாள்.

அப்பாவிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன், ஏங்க, நீங்க பேசுனத மட்டும் எடுத்துரச் சொல்லுவமா என்று. வந்ததே கோபம். பேரச் சொல்லாமப் பேசுனா அதுக்குப் பேரு கோளு, நான் என்ன கோளா சொன்னேன், நான் பேசுனத எடுத்துட்டா அந்தப் பள்ளம் மழை பேஞ்சு விழுந்த பள்ளம்னு சொல்லிருவாய்ங்க என்றார். நாலு நாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டால் அப்பா மேல் கை வைக்கப் பயப்படுவார்கள் என்று நீயும் சொல்கிறாய். இருக்கலாம். ஆனால் படம் பார்த்தவர்கள் கை தட்டிவிட்டு, எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். உன் அப்பா விடிந்தும் விடியாமலும் மடையைத் திறக்கத் தனியாகத்தான் போகிறார். அவர் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நான் அடுப்பைப் பற்றவைப்பது இல்லை.

இதுவரை எழுதியது நேற்று. கிழித்துப் போட மனமில்லாமல் இதிலேயே தொடர்கிறேன். இன்று காலை அப்பா வயலுக்குப் போன பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காரரே வீட்டுக்கு வந்தார். ஆத்தா, கொஞ்சம் தண்ணி குடுங்க என்று கேட்டு வாங்கி, அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தன் போனை எடுத்துக் காட்டினார். கோயில்காட்டு எல்லையில் நீ நின்று, பெத்தன் மகள் மஹாலட்சுமி என்று சொல்கிறாயே, அந்த இடம். நல்லாப் பேசுறாக உங்க மக, எப்ப வாராக, திருச்சியில எறங்குறாகளா மதுரையிலயா, சொன்னீகன்னா நாங்களே வண்டி அனுப்புறோம், பொம்பளப் புள்ள தனியா வரக் கூடாதுல்ல என்றார். சிரித்த முகம் தாயி, ஒரு கடுஞ்சொல் கிடையாது. அவளுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லைங்க, இங்குட்டு வர மாட்டா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்படியா, தைக்கு வாராகன்னுல்ல சொன்னாக என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டுப் போனார். நீ தைக்கு வருவதை நான் சோணையம்மாளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவளைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை, அவள் பிள்ளையின் பிழைப்பு அவர்கள் கையில் இருக்கிறது.

ஆகையால் மேலே நான் கேட்டதை விட்டுவிடு. எதையும் வெட்டாதே. அப்பாவின் முகம் யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது, இனி மறைத்தால் அந்த நார்வேக்காரர்களுக்குத்தான் மறையும். பெரிதாகவே போடு, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அவர்கள் பாஷையில் எழுதிக் காட்டு. படம் முடிந்ததும் கேள்வி கேட்பார்கள் என்றாய். படத்தில் வருகிற கும்மியையும் குலவையையும் பற்றிக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கோடித் துணி வைத்ததையும் இந்த ஆள் வீடு வரைக்கும் வந்ததையும் விளக்கமாகச் சொல்லு. சோணையம்மாளின் முகத்தை மட்டும் எடுத்துவிடு, அவள் கேட்டுவிட்டாள், பாவம். இன்றைக்கு வந்த ஆளைப் பற்றி அப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் அவர்களைத் தேடிக்கொண்டு போய்விடுவார். யூஜினியா டீச்சர் ஒரு வக்கீலைப் பார்க்கலாம் என்கிறார், நானும் அவருமாகச் சிவகங்கைக்குப் போகப் போகிறோம். பதில் எழுதினால் டீச்சர் விலாசத்துக்கே எழுது.

தைக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நான் உன்னைப் பார்த்து வருசம் ஆகப்போகிறது, எப்போது வருவாய் எப்போது வருவாய் என்று உன்னை அரித்தவளும் நான்தான், வராதே என்று எழுதுகிறவளும் நான்தான். தலைக்கு எண்ணெய் வை, ஈரத் தலையோடு வெளியே போகாதே, ராத்திரி வேலை முடிந்து வரும்போது துணைக்கு யாரையாவது கூட்டிக்கொள். முருகன் உனக்கு நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுளைக் கொடுக்க வேண்டும், நீ எடுத்த காரியம் நல்லபடியாக முடிய வேண்டும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, முகம் பார்க்க உடனே கிளம்பி வா என்று யாராவது போனில் சொன்னால், அது என் குரலாகவே இருந்தாலும், நான் அழுதுகொண்டே கூப்பிட்டாலும், வந்துவிடாதே தாயி.

உன்னைப் பெற்றவள்,
கருப்பி