யார் செய்த பாவம்

விசுவமடு.

அன்பு மகன் சுகிர்தனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மருமகளும் சின்னவனும் அந்தச் சுவிஸ் குளிருக்குள் சுகமாக இருக்க ஆண்டவர் துணை நிற்கட்டும். இங்கே நானும் அப்பாவும் சுகம். தங்கச்சியும் சுகம் என்று அடுத்ததாக எழுதுவதுதான் வழக்கம், இந்த முறை அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் தங்கச்சி தயாளினியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாலே நீ "அம்மா, ஜெபிப்பம்" என்று கண்ணை மூடிவிடுகிறாய், ஆமென் சொன்ன கையோடு வைத்தும் விடுகிறாய். கடிதத்தை நடுவில் ஆமென் சொல்லி மூட முடியாது, ஆகவே ஓரிடத்தில் இருந்து கடைசி வரை வாசி. இங்கே மழை விடவில்லை. இரணைமடுக் குளம் நிரம்பி வான் கதவு திறந்தார்கள், அப்பாவின் காலபோக நெல் தண்ணீருக்குள் கிடந்து ஒருமாதிரித் தப்பிவிட்டது. பக்கத்து வீட்டு நேசமலரின் மாடு கன்று போட்டிருக்கிறது, அவள்தான் எங்களுக்கும் பால் தருகிறாள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் நீ அங்கே உன் சபையில் பிரசங்கத்தில் வேறு விதமாகச் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். முள்ளிவாய்க்காலில் செல் வெடித்துத் தலையில் ஏறிய அந்த இரும்புத் துண்டோடும் அது கொடுத்த வலிப்போடும்தான் தங்கச்சி வளர்ந்தாள். கிளினிக்கில் தந்த மருந்துக் குளிசை அவளை எழுப்பி நடமாட வைத்தது, தையல் பழக வைத்தது. போன வருசம் நீ வீடியோவில் அவளுக்காக ஜெபித்து, ஆண்டவர் சுகம் தந்துவிட்டார், இனிக் குளிசை போட்டால் அது அவிசுவாசம் என்று சொன்னாய். அண்ணா சொன்னால் அவளுக்கு வேறு பேச்சில்லை. அத்தனையையும் கொண்டுபோய்க் கக்கூசுக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சக் காலம் வலிப்பு வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டு சாட்சி சொன்னதை நீ அங்கிருந்தே போனில் படம் பிடித்து உலகம் முழுக்க அனுப்பினாய். அதற்குப் பிறகு ஒரு காலமை, குசினியில் சோறு வடிக்கக் குனிந்தவள் அப்படியே அடுப்புக்குள் விழுந்தாள். நான் கிணற்றடியில் நின்றேன். அப்பாதான் எரிந்த மணம் வந்து ஓடிப்போய் இழுத்தெடுத்தார். வலது கன்னமும் காதும் போய்விட்டன, வலது கையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தர்மபுரம் ஆசுபத்திரிக்கும் பிறகு யாழ்ப்பாணத்துக்கும் கொண்டுபோனோம். புண்ணுக்கு மருந்து மாற்றிக் கட்டும்போது அவள் கத்தியதை உனக்கு எழுத எனக்குச் சொல் இல்லை, அந்த நேரம் நீ அனுப்பியது ஒரு வேத வசனப் படம், ரோசாப்பூ போட்டது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இங்கத்தைப் பாஸ்டரும் சபையாரும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சுகம் கேட்க வந்தார்கள் என்று நான் தேத்தண்ணீர் வைத்தேன். பாஸ்டர் குனிந்து, "மகள், சுகம் ஏன் போனதெண்டு ஆண்டவருக்குத் தெரியும். ஒளிச்சு வைச்ச பாவம் ஏதும் இருந்தால் இப்பவே சொல்லும்" என்றார். ஒருத்தி, யாராவது பெடியனோடு போனில் கதைக்கிறவளோ என்று என்னிடம் கேட்டாள், தங்கச்சியின் காது கேட்கவே கேட்டாள். தங்கச்சி வாயைத் திறந்தால் கன்னம் வெடித்து இரத்தம் வரும். அப்படிக் கிடந்துகொண்டு, அவர்களுக்குக் கொடுக்க ஒரு பாவத்தைத் தேடினாள் என் பிள்ளை. கடைசியில், வலிப்பு வந்து பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் முன்னால் சட்டை நனைந்த அன்று ஆண்டவரோடு கோபப்பட்டதாகச் சொன்னாள். அது போதும் என்று கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத் தேத்தண்ணீரையும் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரம் நீ எடுத்தாய். போன் சத்தமாக இருந்தது. "வீட்டுக்குள்ள அவிசுவாசம் இருக்குது அம்மா, அப்பா இன்னும் திருநீறு பூசுறார், பிறகு எப்பிடிச் சுகம் நிக்கும்" என்றாய். அப்பா வாசலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பிக் கிணற்றடிக்குப் போய் நெற்றியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினார். நனைந்த முகத்தோடு வந்து, "இப்ப என்ர பிள்ளைக்குக் கன்னம் திரும்பி வருமோ எண்டு அவனைக் கேள்" என்றார். நான் கேட்பதற்குள் நீ ஜெபிக்கத் தொடங்கிவிட்டாய். அதற்குப் பிறகு அவர் திருநீறு பூசவில்லை, கோயிலுக்கும் போகவில்லை, எங்களோடு ஜெபத்துக்கும் இருப்பதில்லை. அவருக்கு இருந்த ஒன்றை நீ எடுத்தாய், அதற்குப் பதிலாக ஒன்றும் கொடுக்கவில்லை.

நான் விசுவாசத்தை விட்டுவிட்டேன் என்று எண்ணாதே. அதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். முன்பெல்லாம் நான் வேதத்தை நீ பழக்கியபடிதான் வாசித்தேன், வேண்டிய நேரம் வேண்டிய வசனத்தைப் பிடுங்கி எடுத்துக்கொள்வேன், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. தங்கச்சிக்குக் கை கட்டுப்போட்டிருந்ததால் தாளைப் புரட்ட முடியாது, அதனால் நான் பக்கத்தில் இருந்து அதிகாரம் அதிகாரமாக வாசித்துக் காட்டத் தொடங்கினேன். யோவானில், பிறவிக் குருடனைக் கண்டு இது யார் செய்த பாவம், இவனா இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிற இடம் வந்ததும், அவள் என் கையைப் பிடித்து நிறுத்தித் திரும்ப வாசிக்கச் சொன்னாள். இவனுமில்லை, பெற்றவர்களுமில்லை என்று ஆண்டவர் சொன்னதையும் திரும்ப வாசித்தேன். பிறகு, "அம்மா, கட்டிலைச் சுத்தி நிண்டவை என்னட்டக் கேட்டதும் இதைத்தானே. ஆண்டவர் முதல்ல அவனை அந்தக் கேள்வியில இருந்து வெளியால எடுத்துவிட்டவர். கண் பிறகுதான் திறந்தது" என்றாள். நீ இதே அதிகாரத்தைப் பிரசங்கித்ததை நாங்கள் இரண்டு பேரும் கேட்டிருக்கிறோம். சேறு பூசிக் கண் திறந்த இடத்தில் நீ போட்ட சத்தம் நினைவிருக்கிறது, இந்த இடத்தை நீ நின்று வாசித்தது நினைவில் இல்லை. அன்று அவள் அழுதாள். கட்டிலில் விழுந்த நாளிலிருந்து நோவுக்காக அல்லாமல் அழுதது அன்றுதான்.

அடுத்த கிளினிக்குக்கு நேசமலரைக் கூட்டிக்கொண்டு தானே போய்க் குளிசை எடுத்து வந்தாள். இடது கையில் வைத்துக் கண்ணை மூடி நன்றி சொல்லிவிட்டு விழுங்குகிறாள். இப்போதும் இடைக்கிடை வலிப்பு வருகிறது, முன்னைப்போல் விழுத்துவதில்லை. குளிசை போடுகிற வீடு என்று சபையில் எங்களை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நானும் அவளும் வீட்டிலே வாசிக்கிறோம், நேசமலரும் சில நாள் வந்து இருப்பாள். ஒவ்வொரு நாளும் விளங்குகிறது என்று சொல்ல மாட்டேன். விளங்காத இடத்தில் விளங்கவில்லை என்று சொல்ல இப்போது எங்களுக்குப் பயமில்லை, அவ்வளவுதான்.

இனி நான் எழுதவந்த காரியம். தை மாதம் கிளிநொச்சியில் நீ நடத்தப்போகிற சுகமளிக்கும் கூட்டத்துக்கு உன் படம் போட்ட நோட்டீஸ் சந்தியெல்லாம் ஒட்டியிருக்கிறது. போன கிழமை பாஸ்டர் வந்தார். தங்கச்சியை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைக்க வேண்டுமாம், வீடியோவை ஏற்கெனவே ஆயிரம் பேர் பார்த்துவிட்டார்களாம். முக்காட்டை வலது பக்கம் இழுத்துவிட்டுக் கையைத் தாவணிக்குள் வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரியாது என்று அவளுக்கே சொல்லிக்கொடுத்தார். "நீர் இப்பிடிக் கேக்கச் சொன்னீரோ, அண்ணா சொன்னவரோ" என்று அவள் கேட்டாள். "அண்ணாதான்" என்றார். அன்றிரவுச் சாப்பாட்டை அவள் அப்படியே நேசமலரின் மாட்டுக்கு வைத்துவிட்டாள். எரிந்ததைவிட இது அவளுக்கு நொந்தது, மகன்.

உன் ஊழியத்தை ஆசீர்வதிக்கும்படி ஒவ்வொரு முறையும் கேட்பாய். அதை என்னால் இப்போது செய்ய முடியாது. உன்னை ஆசீர்வதிக்கிறேன், நீ என் வயிற்றில் இருந்தவன், ஆண்டவர் உனக்குக் கேட்கிற காதைத் தரட்டும், உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து கொடுக்கிற புத்தியையும் தரட்டும். மருமகளையும் சின்னவனையும் விசாரித்ததாகச் சொல். அப்பாவிடம் உனக்கு என்ன எழுத என்று கேட்டேன், வயலுக்குப் போகவேண்டும் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டத்துக்குப் போகவேண்டாம் என்று நான் தங்கச்சியிடம் சொன்னேன், அவள் கேட்கவில்லை. மேடைக்கு ஏறமாட்டாளாம், ஒரு சொல்லும் பேசமாட்டாளாம். தலைமயிரைப் பின்னால் வாரிக் கட்டிக்கொண்டு, முக்காடு இல்லாமல், கையை மடியில் எல்லாருக்கும் தெரிய வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருக்கப்போகிறாளாம். நான் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். சுகத்தைப் பற்றி நீ என்ன பேசுவதென்றாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
மா. அமராவதி