எண்பது பெட்டிக்கு ஒரே கட்டளை

மார்ச் 4
மகன் வீட்டுப் பிள்ளை கப்பலில் இன்ஜினியர். மகள் வீட்டுப் பெரியவள் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் அதிகாரி. அங்கேயே அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறான் அவள் தம்பி. ஐந்தாவதோடு நின்ற எனக்கு வேறென்ன வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரியிடம் மறுபடியும் சொன்னேன். காது கேட்காதவள் மாதிரி துணி உதறினாள்.

மார்ச் 9
பேத்தி போனில் பேசினாள். ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களை இணைக்க எண்பது சுவிட்ச் பெட்டிகளாம். ஒரே கம்பிக்குள் நோயாளிகளின் மெஷின்களுக்கு ஒரு பாதை, ஆபீசுக்கு ஒன்று, பார்க்க வருகிறவர்களின் போனுக்கு ஒன்று. கலக்கக் கூடாது. இந்தப் பாதைக்கு வீலான் என்று பெயர். பாதைகளைப் பெட்டி பெட்டியாகத் தம்பிதான் மாற்றுகிறான். ஒரே கட்டளையில் எல்லாம் தானாக மாறும்படி எழுதச் சொல்கிறாராம் மேலதிகாரி.
"எழுதினா தம்பிக்கு அங்க வேலை இல்ல பாட்டி."
"அப்ப எழுதாத."
"நான் எழுதலன்னா வெளியாள் வந்து எழுதுவான்."
மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

மார்ச் 21
இன்னும் சோதனை முடியவில்லை என்று மேலதிகாரியிடம் இழுத்தடிக்கிறாளாம். பொய். அதிலும் எனக்குப் பெருமை — என்ன பிறவி நான்?

ஏப்ரல் 2
தம்பி தவறு செய்துவிட்டான். புதுப் பாதை போடும்போது 'சேர்' என்று ஒரு சொல் தட்ட வேண்டுமாம். விட்டுவிட்டான். இது மட்டும் போதும்போல என்று பெட்டி மற்ற பாதைகளை அழித்துவிட்டது. ஒரு மாடி முழுக்க மெஷின் திரைகள் செத்துப்போய், நர்சுகள் கட்டில் கட்டிலாக ஓடினார்களாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
"ஒரு வார்த்தைதான பாட்டி" என்று அழுதான்.

ஏப்ரல் 5
பேத்தி அந்தக் கட்டளையை எழுத ஆரம்பித்துவிட்டாள். "தம்பியே சரின்னுட்டான்" என்றாள்.
அவனைக் கேட்டேன். "நான் எங்க சொன்னேன்? அவ கேட்டா. பேசாம இருந்தேன்."

ஏப்ரல் 19
எண்பது பெட்டியும் கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிட்டதாம். ஒரு பிழை இல்லை. "கெட்டிக்காரி" என்றேன். வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 30
அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். கடிதத்தில் கையெழுத்து அக்காவுடையது.

மே 11
அக்காவோடு இருந்தவன் தனி அறை பார்த்துப் போய்விட்டான். என் போனையும் எடுப்பதில்லை.
"பேரனும் பேத்தியும் ஒரே ஆபீஸ்தான?" — பக்கத்து வீட்டுக்காரி இன்று தானாகவே கேட்டாள். ஆமாம் என்றேன்.
சுவரில் மாட்டிய படத்தில் இருவரும் கழுத்தில் வேலை அட்டையோடு ஆஸ்பத்திரி வாசலில் சிரிக்கிறார்கள். பேத்தியைக் கூப்பிட்டேன்.
"புதுசா ஒரு படம் எடுத்துத் தபால்ல போடும்மா."
"என்னோடது மட்டும் அனுப்பவா பாட்டி?"
"ரெண்டு பேரும் நிக்கிற மாதிரி. அட்டையெல்லாம் வேண்டாம். எப்ப எடுத்தாலும் சரி, அனுப்பு."