உன் அப்பனைப் பிடித்துக்கொண்ட கடற்பாசி

அன்பு அம்மணி ரித்திகாவுக்கு, மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிகளின் முடிசூடா மன்னனாகிய உன் பெரியப்பன் அங்கப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் பெரியம்மாவும் என் தொப்பையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்த ஸ்பெயின் தேசத்துக் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா என்று முதலில் சொல்.

இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருந்து கடற்பாசியை எண்ணி முடிக்க அப்பாவைச் சம்மதிக்க வையுங்கள் என்று கேட்டாயல்லவா, போன வாரம் உங்கள் வீட்டுக்குப் படையெடுத்தேன். ஜப்பானிலிருந்து சிப்பியோடு ஒட்டிக்கொண்டு வந்த அந்தப் பாசி ஐரோப்பாவில் முக்கால்வாசியை விழுங்கிவிட்டது, மிச்சத்தை நம் புள்ளதான் ஒற்றை ஆளாகக் காப்பாற்றுகிறாள், அந்த ஊர் மீன்காரர்கள் அவள் போட்டோவுக்கு மாலை போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நான் அளந்துகொண்டே போக, ஏனுங் மாமா, உசுரோட இருக்கற புள்ள போட்டோவுக்கு மாலையா, வாயைக் கழுவுங்க என்று உன் அம்மா கீதா கரண்டியோடு வந்துவிட்டாள். உன் அப்பனோ அசையவே இல்லை. கல்லுல மொளைக்கறதை எண்ண ரெண்டு வருசம் பத்தாதுங்களாண்ணா, சரவணம்பட்டில ஒரு வேலையப் பாத்துக்கிட்டு கண்ணு முன்னால இருக்கட்டும்ங்க என்றான், எனக்கும் பொய் தீர்ந்துபோனது.

வேறு வழியில்லாமல் நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினேன். கடல் தண்ணீர் வடிந்த நேரத்தில் பாறையில் சட்டம் வைத்து நீ எண்ணுகிற கட்டங்களை, பெரிய பாசியைப் பிடுங்கியதையும் பிடுங்காமல் விட்டதையும், கண்ணாடி போட்டுப் பார்த்தவன், ஏனுங்ணா, பெருசையெல்லாம் புடுங்குன கட்டத்துலதான் குஞ்சு நெறைய இருக்குது என்றான். மறுபடி அவனே, வெளிச்சம் உழுந்திருக்குதுங்ணா, தாய் வாழையைச் சாய்ச்சா பக்கக்கன்னு கெளம்பறாப்ல என்றான். பிறகு போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, இத்தனையும் நெருக்கிக்கிட்டு நின்னா பாதி தானாச் சாகுமா, இல்ல அத்தனையும் பெருசாகிருமா, அந்த ஊர்ப் பாசிக்கு எடம் கெடைக்குமா என்று கேட்டான். அதைத்தானப்பா அவள் வருகிற வருஷம் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றேன். போனைத் திருப்பிக் கொடுக்கவே மனசில்லாமல் கொடுத்தான். மறுநாள் விடிந்ததும் கூப்பிட்டு, பாதில எந்திரிச்சு வந்துட்டா அதுக என்னாச்சுன்னு ஆருக்குங்ணா தெரியும், இருந்து முடிச்சுப்போட்டே வரச் சொல்லுங்க என்றான்.

ஆகவே இரு கண்ணு, வெற்றி நமதே. வாழைத்தார் ஏலத்துக்குப் போகிற இடத்திலெல்லாம், என்ற புள்ள கடலுக்கே களை எடுக்கறா என்று சொல்லிக்கொண்டு திரிகிறானாம், அளப்பதில் எனக்குப் போட்டியாக வந்துவிட்டான். வழுக்குப் பாறையில் தனியாக இறங்காதே, அலைக்கு முதுகைக் காட்டாதே, ரொட்டியை மட்டும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, கீதா அனுப்பும் பருப்புப்பொடியைக் கூட இருப்பவர்களுக்கே வாரிக் கொடுத்துவிடாதே. உன் பாறைக்கும் உனக்கும் ஒரு குறையும் வராமல் அந்த மருதமலை முருகன் பார்த்துக்கொள்வான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அப்பனுக்கு நீயே ஒரு போன் போடு, அவனாகக் கேட்கமாட்டான். கடலை ஒழுங்காக எட்டிக்கூடப் பார்க்காத அந்த மனுஷன் தினமும் தோட்டத்தில் மடை திருப்பும்போது என்னைக் கூப்பிட்டு, இந்நேரம் புள்ள நிக்கற எடத்துல தண்ணி வடிஞ்சிருக்குமுங்களாண்ணா என்று கேட்கிறான்.

ஆசிகளுடன்,
உன் பெரியப்பன்
அங்கப்பன்