அந்த அசோகாவில் இருந்தது முழு நெய் இல்லை, அக்கா

என் பிரியமான சரோஜா அக்காவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. திருவையாற்றில் இந்த வருடம் வாய்க்காலுக்குத் தண்ணீர் நேரத்தோடு வந்துவிட்டது. உங்கள் மகள் கவிதாவுக்கு இது ஆறாம் மாதம். உங்களைப் போலவே வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடுகிறாள், சொன்னால் கேட்பதில்லை.

இதைச் சொல்ல மட்டும் நான் எழுதவில்லை, அக்கா. நீங்கள் இருந்தபோது சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். ஓரகத்திகள் என்றாலே சண்டைதான் என்று தெருவே காத்திருந்தது. நாமோ ஒரே அடுப்பில் அசோகா அல்வா கிண்டி ஆர்டருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பாசிப்பருப்பை வறுப்பதும் வெண்ணெயை உருக்குவதும் நீங்கள்; கிண்டுவது நான். பெட்டியில் உங்கள் பேர்: ‘சரோஜா சுத்த நெய் அசோகா’.

ஒரு தடவை உங்களை மடக்கப் பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? “கலர்ப் பொடி கடையில வாங்குறதுதானேக்கா? அது மட்டும் சுத்தமா?” என்றேன். நீங்கள் கரண்டியைக்கூட நிறுத்தவில்லை. “கலர் கண்ணுக்குத் தெரியுதுடி. தெரிஞ்சுதான் வாங்கித் திங்கிறாங்க. தெரியாததைப் போட்டாத்தான் தப்பு.”

உங்களுக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, திருச்சிக்குக் கீமோவுக்குப் போய்வந்த நாட்களில்தான் அது நடந்தது. பெரிய கல்யாண ஆர்டர். வெண்ணெய் போதவில்லை. மளிகைக் கடைக்குப் போய் வனஸ்பதி வாங்கி வந்து பாதிக்குப் பாதி கலந்தேன். கல்யாணம் முடிந்து அந்த வீட்டு அம்மா போன் செய்து, “உங்க அக்கா கைப்பக்குவம் அப்படியே இருக்கு” என்றார்கள். அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. அடுத்த ஆர்டருக்கு வெண்ணெய் தாராளமாகக் கிடைத்தது. அப்போதும் கலந்தேன். ஆஸ்பத்திரிக்கும் அடுப்புக்கும் அலைகிறேன், உருக்க நேரம் ஏது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசியாக நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அசோகா கேட்டீர்கள். ஆர்டருக்குக் கிண்டியதிலிருந்துதான் கிண்ணத்தில் எடுத்து வந்தேன். இரண்டு ஸ்பூன் சாப்பிட்டீர்கள். “வாய்க்கு ஒண்ணும் தெரியலடி. என் நாக்கு செத்துப்போச்சு. நீ சொல்லு, நம்ம நெய்தானே?”

“நம்ம நெய்தான்க்கா” என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு இன்னொரு ஸ்பூனுக்கு வாயைத் திறந்தீர்கள். ஊட்டினேன். பன்னிரண்டாம் நாள் போய்விட்டீர்கள்.

போன மாதம் கவிதாவுக்கு அசோகா மேல் ஆசை வந்தது. வெண்ணெய் வாங்கி நானே உருக்கி, வேறெதுவும் கலக்காமல் கிண்டிக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“சித்தி, அன்னைக்கு அம்மாவுக்குக் கொடுத்தீங்களே, அதுல நானும் கொஞ்சம் சாப்பிட்டேன். அது இப்படி இல்லையே. அண்ணத்துல ஒட்டுச்சு.”

பொய் ஒன்று தொண்டை வரை வந்தது. அவள் வயிற்றைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “அம்மா உங்ககிட்ட கேட்டாங்கள்ல?”

“கேட்டாங்கம்மா.”

எழுந்து போனாள். நான்கு நாள் கழித்து வந்து வாசலிலேயே நின்றாள். “பெட்டியில அம்மா பேரை எடுத்துருங்க, சித்தி.” எடுத்துவிடுகிறேன் என்றேன். “வேற என்ன செய்யணும், சொல்லும்மா” என்று அழுதேன். “எனக்குத் தெரியல. அழாதீங்க, எனக்கும் வருது” என்றவள் உள்ளே வந்து தண்ணீர் குடித்தாள். அது மட்டும்தான் குடித்தாள்.

இப்போது பெட்டியில் பேர் இல்லை. நெய் மட்டும்தான் ஊற்றுகிறேன். ஆர்டர் குறைந்துவிட்டது, அது இருக்கட்டும். நேற்று அந்தக் கல்யாண வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். “சாப்பிட்டு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்கும்மா இதைச் சொல்றீங்க?” என்று கேட்டார்கள். உங்களிடம் சொல்ல முடியாததை வேறு யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று எப்படிச் சொல்வேன்?

நிஜமாகவே நாக்கு செத்துப்போயிருந்ததா, அக்கா? இல்லை, தெரிந்தேதான் மூன்றாவது ஸ்பூனுக்கு வாய் திறந்தீர்களா? எதை நம்பினால் எனக்குத் தூக்கம் வரும்?

கலந்தது வாங்கிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. எல்லாப் படியும் ஏறுவேன். கவிதாவுக்குப் பிள்ளை பிறந்து, என் கையால் அதற்கு எதை ஊட்டினாலும், அதில் என்ன போட்டிருக்கிறேன் என்று அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். நம்புவதும் நம்பாததும் அவள் இஷ்டம்.

உங்கள் வாயில் பொய்யை ஊட்டிய,
உங்கள் ஓரகத்தி
மல்லிகா