அந்த இரண்டு தட்டு

6 மார்ச் 2024, புதன். பத்து பாகாட்

ஃபேக்டரியிலிருந்து வந்து, சமைத்து முடித்து, பிறகுதான் நோட்ஸ் எழுத உட்கார்ந்தேன். குளுவாங் கல்யாண டின்னருக்கு ஐந்து பாட்டு. எனக்கு வயலின், வீரமுத்துவுக்குப் புல்லாங்குழல், லெட்சுமணனுக்குத் தபேலா, என் வீட்டுக்காரர் மோகனுக்குக் கீபோர்டு. ஒரு பெரிய கூட்டமே வாசித்த சினிமாப் பாட்டை நாலு பேருக்குச் சுருக்குவது என் வேலை. எதை வெட்டினாலும் பாட்டு எப்படியோ நின்றுவிடுகிறது.

ஐந்தாவது, வழக்கம்போல, மோகன் எழுதிய பாட்டு. கல்யாண வீட்டார் அதைத்தான் முதலில் கேட்டார்களாம். அதை மட்டும் இன்னும் தொடவில்லை.

9 மார்ச், சனி

குளுவாங் முடிந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அது பிறந்த கதையை மோகன் மைக்கில் சொல்வார். எங்களைக் கூப்பிடுவதே அதற்குத்தான். தன் பாட்டு வந்ததும் அதே கதை: பஸ் ஸ்டாண்டில் மழையில் என்னைப் பார்த்தாராம், அன்று இரவே விளக்கை அணைக்காமல் எழுதினாராம். மண்டபமே என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் பல்லைக் காட்டினேன். அவர் என்னைப் பெண் பார்க்க வந்தது பாலோவில், சித்தி வீட்டில். அன்றைக்கு மழையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

‘விளக்கை நான் அணைக்கவில்லை’ என்ற வரியைக் குழல் வாசித்து முடித்ததும், தாளத்தில் இரண்டு தட்டு நேரம் பாட்டு காலியாக இருக்கும். அங்கே எல்லாரும் கை தட்டுவார்கள். டப், டப். எந்தக் கல்யாணத்திலும் விட்டதில்லை.

10 மார்ச், ஞாயிறு

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

பாட்டில் அந்தக் காலி இடத்தில் முதலில் ‘சாரு’ என்று இருந்தது. எங்கள் மகள். நடக்கக்கூடத் தொடங்கவில்லை, காய்ச்சலில் போய்விட்டாள். இருட்டினால் அழுவாள் என்று ஹால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அவள் போன பிறகும் மோகன் அணைக்க விடவில்லை, இன்றைக்கும் எரிகிறது. அப்போது எழுதிய பாட்டு அது. ஜொகூர் பாருவில் பதிவு செய்தபோது, பெயர் வரும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அவர் குரல் உடைந்தது. கடைசியில், “அந்த ரெண்டு தட்ட காலியா விட்டுருங்க” என்றார். ரேடியோவில் போட்டார்கள். காதல் பாட்டு என்று ஊரே எடுத்துக்கொண்டது. அதோடு அவர் பாடுவதை நிறுத்தினார். அவள் பெயரைச் சொல்வதையும்தான்.

கைக்குழந்தைக்குத் திதி கிடையாது, படம் மாட்டக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். சரி என்றேன். அப்படியானால் அவள் இருந்தாள் என்பதற்கு எங்கேதான் இடம்? அந்த இரண்டு தட்டுதான். அதிலும் கை தட்டுகிறார்கள்.

17 ஏப்ரல், புதன்

மெர்சிங் டின்னருக்கு எழுதும்போது காலி இடத்தில் வயலினுக்கு இரண்டு சுரம் போட்டேன். சாருவின் பெயரைப் பதிவின்போது மோகன் பாடிய அதே சுரம். ஒத்திகையில் வாசித்ததும் வீரமுத்து குழலை இறக்கிவிட்டார்.

“அலமாக், அக்கா, அது ஆளுங்க தட்டுற இடம்லா. நீங்க நெரப்பிட்டா பாட்டே போச்சு.”

மோகன் கீபோர்டு ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்.

20 ஏப்ரல், சனி. மெர்சிங்

வாசித்தேன். டப், டப். என் காதுக்கே கேட்கவில்லை. ஆனால் மோகனின் கை அந்த இடத்தில் விறைத்து நின்றதைப் பார்த்தேன்.

காரில் கேட்டேன். “நான் வாசிச்சது கேட்டுச்சா?”

“சத்தத்துல ஒன்னும் கேக்கல.”

“பொய் சொல்லாதீங்க. ஒரே ஒரு தடவ மைக்ல உண்மைய சொல்லுங்க. அவ பேர மட்டுமாவது.”

“கல்யாண வீட்டுல செத்த புள்ள கதைய சொல்லச் சொல்றியா, வசந்தி?”

அவர் சொல்வது நியாயம். அதுதான் தாங்க முடியவில்லை.

21 ஏப்ரல்

எழுந்திருக்கவே பிடிக்கவில்லை.

8 மே, புதன்

இரண்டு சுரத்தையும் அழித்துவிட்டேன். வீரமுத்துவுக்கு நிம்மதி.

இன்று தையல் மெஷின் சத்தத்தோடு அந்தப் பாட்டு மனதில் ஓடியது. அந்த இடம் வந்தது. பெயர் வரவில்லை. கைதட்டல்தான் வந்தது. திரும்ப ஆரம்பித்தேன், மறுபடியும் கைதட்டல். பெற்றவளுக்கே இப்படி என்றால்... என்ன ஜென்மம் நான்?

15 ஜூன், சனி

உள்ளூர் டின்னர். பஸ் ஸ்டாண்டு கதை. சிரித்தேன்.

வரி முடிந்ததும் வில்லை மடியில் வைத்துவிட்டு நானும் எல்லாரோடும் சேர்ந்து தட்டினேன். டப், டப். முன் மேசைப் பெண் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

மோகன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வரிக்கு அவர் கை எழவில்லை. வீரமுத்துதான் குழலில் இழுத்துக்கொண்டுபோய் முடித்தார்.

கார் நான் ஓட்டினேன். சிக்னலில் நின்றபோது, “சாரு” என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. குரல் உடையவில்லை. இத்தனை வருடம் அதைக் கேட்கத்தான் தவம் கிடந்தேன். எனக்கு அழுகைகூட வரவில்லை. பச்சை விழுந்ததும் காரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஹால் விளக்கை அணைத்தேன். அவர் தடுக்கவில்லை.