மாடிச் சபையின் மூப்பர்

பெரம்பலூர்
10.1.2024, புதன்

என்னங்க,

கர்த்தர் கிருபையில் நானும் வீடும் நலம். நீங்கள் அரியலூரில் பெரியவன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரி, சரி" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, நம் சபை ஆண்ட்ரூஸ் கண்டக்டராகப் போகும் பஸ்ஸிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

கோபம் ஆறவில்லை என்று தெரியும். ஆராதனையில் ஒரு பாட்டு மிசோவில், ஒரு பாட்டு இந்தியில் பாடலாம் என்று மூப்பர் கூட்டத்தில் முடிவானதும், "எனக்குப் புரியாத சபையில எனக்கென்ன வேல?" என்று எழுந்து வந்துவிட்டீர்கள். முப்பத்தைந்து பேர் உட்காரும் மாடி ஹால் நமது. அதில் பாதிப் பேர் நர்சிங் படிக்கும் மிசோரம் பிள்ளைகளும், கட்டட வேலைக்கு வந்த ஜார்க்கண்டு ஆட்களும். பஸ் ஸ்டாண்டில் நின்று அவர்களிடம் பேச்சுக் கொடுத்து முதலில் கூட்டி வந்ததே நீங்கள்தானே? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

இப்போது ஓர் அவசரம். சலோமி என்ற ஜார்க்கண்டுப் பெண் நம் வீட்டில் இருக்கிறாள். ஒன்பது மாதம். அங்கே அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் தண்ணீர் வசதிகூட இல்லாமல் கிடந்தவளை, சபைப் பெண்கள் நாங்கள் கூட்டி வந்துவிட்டோம். அவள் கணவன் மன்சித் தோப்னோ அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறான். நான்கு நாளாக அவன் போன் அணைந்து கிடக்கிறது. இவளுக்குச் சோறு இறங்கவில்லை. சபை வேன் ஞாயிற்றுக்கிழமைதான் அந்தப் பக்கம் போகும். நீங்கள் ஓர் எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சபைக்காக வேண்டாம், எனக்காக.

பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள்
பரிமளா


அரியலூர்
13.1.2024

அன்புள்ள பரிமளா,

கடிதம் கிடைத்த அன்றே போனேன். நீ கேட்டாய், அதற்காகப் போனேன். இதைச் சபையோடு முடிச்சுப் போடாதே.

கொட்டகையில் பதினைந்து பேர். நான் "மன்சித்" என்றதும் ஒருவன் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனான். மூலையில் போர்வைக்குள் கிடந்தான். தொட்டால் சுடுகிறது. போன் வேலையிடத்துத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து கெட்டுப்போயிருக்கிறது. எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று விரலை மடக்கிக் கேட்டேன். ஐந்து விரலைக் காட்டினார்கள். ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டைபாய்டு. இரண்டு நாள் கூடவே இருந்தேன். பெரியவன் வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள். இன்று எழுந்து உட்கார்ந்துவிட்டான். வயிற்றைக் காட்டி, கைகூப்பி, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பெண்டாட்டியைப் பற்றித்தான் கேட்கிறான் என்று புரிந்தது. "நல்லா இருக்கா" என்று கட்டைவிரலைக் காட்டினேன். அழுதுவிட்டான்.

சலோமியைச் சாப்பிடச் சொல்.

பாலசுந்தரம்


பெரம்பலூர்
12.2.2024

என்னங்க,

சலோமிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தியைப் பெரியவன் சொல்லியிருப்பான். தலை நிறைய முடி. ரின்புயி ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்டாள். மிசோரம் பிள்ளைகளில் உயரமாக இருப்பாளே, கிட்டார் வாசிப்பவள், அவள்தான். இப்போது சலோமிக்கு அவள் மிசோ சொல்லித் தர, அவளுக்குச் சலோமி தன் ஊர்ப் பாஷையான முண்டாரி சொல்லித் தர, இரண்டு பேரும் என்னிடம் தமிழில் சண்டை போடுகிறார்கள். வீடு நிறைந்திருக்கிறது. உங்கள் நாற்காலியில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு காலை ஆராதனையில் குழந்தைக்கு ஞானஸ்நானம். போதகர் கண்ணையன் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "மூப்பர் இல்லாம எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்மா" என்கிறார்.

இன்னொன்று எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். ரின்புயி ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது கேட்டாள்: "ஆன்ட்டி, அங்கிளுக்குக் காது கேக்குமா? நான் பேசினா என் கண்ணப் பாக்க மாட்டாரு, வாயத்தான் பாப்பாரு." அவளை அதட்டிவிட்டேன். அப்புறம் உள்ளே போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு வருஷம் கூட வாழ்ந்தவள் நான். நான் கவனிக்காததை அந்தப் பிள்ளை கவனித்திருக்கிறாள்.

உண்மையா? எதுவாக இருந்தாலும் எனக்கு எழுதுங்கள்.

பரிமளா


அரியலூர்
20.2.2024

அன்புள்ள பரிமளா,

உண்மைதான்.

இரண்டு வருஷமாகிறது. முதலில் பஸ் ஹாரன்கூடத் தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. வயசு என்று விட்டுவிட்டேன். பிறகு போதகரின் பிரசங்கம் சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல் ஆனது. தமிழ் என்றால் உதட்டைப் பார்த்து ஊகித்துக்கொள்வேன். வசனமும் பாட்டும் மனப்பாடம்தானே, சமாளித்தேன். மிசோவும் இந்தியும் வந்தால் உதடும் கைவிட்டுவிடும். எல்லோருக்கும் முன்னால் அகப்பட்டுக்கொள்வேன் என்று பயந்தேன். அந்தப் பயத்தைத்தான் கோபமாகக் கொட்டினேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. அக்டோபரில் ஆராதனை முடிந்ததும் நம் சபை அம்பிகா என் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். மகளுக்கு வேலை கிடைத்த செய்தி என்று நினைத்து, "ரொம்ப சந்தோஷம்மா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். அவள் முகம் வெளிறிப்போனது. கணவனுக்குப் புற்றுநோய் என்று அவள் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஜெபம் கேட்டு மூப்பரிடம் வந்தவளுக்கு நான் சொன்ன பதில் அது. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவேன்?

சனிக்கிழமை தோறும் கொட்டகைக்குப் போகிறேன். இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. அங்கே யாருக்கும் என் பாஷை தெரியாது, எனக்கும் அவர்களுடையது தெரியாது. கையால் கேட்பார்கள், கையால் சொல்வேன். அவர்கள் பாடும்போது நடுவில் உட்கார்ந்திருப்பேன். தரையில் தாளம் தட்டுவது காலுக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் மன்சித்தையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஆராதனைக்கு முன்பே அம்பிகா வீட்டுக்குப் போக வேண்டும். நீயும் கூட வா. அவள் என்ன சொன்னாலும் எனக்கு எழுதிக் காட்டு. திட்டினாலும் விடாமல் எழுது. அடுத்த வாரம் திருச்சியில் காது டாக்டரையும் பார்த்துவிடலாம்.

மன்சித் ஒன்று கேட்டான். கைகளைத் தொட்டில்போல் ஆட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். ஞானஸ்நானத்தின்போது குழந்தையை நான் ஏந்திக்கொள்ள வேண்டுமாம். சரி என்று தலையாட்டிவிட்டேன். போதகர் சொல்லும் பெயர் என் காதில் விழாது, பரிமளா. ஆனால் தலையில் தண்ணீர் பட்டதும் பிள்ளை வீறிட்டு அழும் இல்லையா, அப்போது அதன் முதுகு என் உள்ளங்கையில் அதிரும். அது போதும் எனக்கு.

உன்
பாலசுந்தரம்